எட்டு வீட்டுக் கணக்கு

"எட்டு வீட்டுக்குள்ளதான் சார், ரெரா எல்லாம் தேவையில்லை." வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் நண்பருக்காக வீடு பார்க்கப் போனபோது, கட்டுபவரின் ஆள் இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் சொன்னது பொய்யில்லை. சிக்கலே அதுதான்.

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அதற்குப் பின் இந்தப் பக்கம் தனி வீடும் கிணறுமாக இருந்த மனைகளில் ஸ்டில்ட்டும் மூன்று மாடியும் எழுவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. உயரக் கட்டடம் அல்லாதவற்றுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் நிலத்தைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. ஆக 4,800 சதுர அடி. எண்ணூறு எண்ணூறாகப் பிரித்தால் ஆறு வீடு.

ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் நிலத்தையும் எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்தையும் பதிவிலிருந்து விலக்குகிறது. ஒரு கிரவுண்டு என்பது சுமார் 223 சதுர மீட்டர்தான். 2024-இல் மாநில விதியும் திருத்தப்பட்டது. 14 மீட்டர் உயரம், எட்டு வீடு, 750 சதுர மீட்டர் என்ற அளவைத் தாண்டாத குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். சொந்தக் குடும்பத்துக்குக் கட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் விற்பதற்காகக் கட்டுபவரும் இதே கதவு வழியாகத்தான் போகிறார்.

நாங்கள் பார்த்த கட்டடத்தின் வரைபடத்தில் ஆறு கார் நிறுத்த இடம் இருந்தது. கீழே போய் எண்ணினோம். தூண்கள், மோட்டார் அறை, மீட்டர் பலகை, செப்டிக் டேங்க் மூடி எல்லாம் போக நாலு கார் நிற்கலாம், அதுவும் பின்னால் நிற்பவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால். மொட்டை மாடியில் குளியலறையோடு ஓர் அறை. வரைபடத்தில் அது இல்லை. "தண்ணி டேங்குக்காக" என்றார். டைல்ஸ் ஒட்டி ஷவர் வைத்த தண்ணீர்த் தொட்டியை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த அறையால் நமக்கு என்ன நஷ்டம் என்று நண்பர் கேட்டார். நீங்கள் வாங்குவதில் காலத்தால் தேயாத ஒரே பொருள் நிலத்தில் உள்ள பிரிபடாத பங்கு, அதாவது யூடிஎஸ். ஆறு வீடென்றால் ஆளுக்கு 400 சதுர அடி. இன்று அறை, நாளை மேலே இரண்டு வீடு முளைத்தால் அது 300 ஆகிவிடும். பாதாளச் சாக்கடை வராத தெருவானால், ஆறு வீட்டுக்குக் கட்டிய செப்டிக் டேங்க் எட்டு வீட்டுக்கு உழைக்க வேண்டும். இன்னொன்று, நிறைவுச் சான்றிலிருந்துதான் விலக்கு. அனுமதித்த வரைபடத்தை மீறுவதற்கு அல்ல. மீறிய கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட 1971-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம் திட்ட அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. அன்று கட்டியவர் வேறு தெருவில் வேறு கிரவுண்டில் இருப்பார்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் அனுமதி எண்ணோடு முத்திரையிட்ட வரைபடத்தைக் கேளுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டு படி ஏறி இறங்குங்கள். தெற்கே சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை நெடுங்காலம் வண்டலூரோடு நின்றது, அடுத்த ஊரப்பாக்கம் டிடிசிபி எனப்படும் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் இருந்தது. எனவே அனுமதி தந்தது யார் என்பதையும் பாருங்கள். வில்லங்கச் சான்று, பட்டா எல்லோரும் பார்ப்பதுதான். புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரெரா பதிவுள்ள திட்டமென்றால் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கும் முன் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கட்டுமானக் குறைக்கு ஐந்து ஆண்டு பொறுப்பு உண்டு. தாமதமானால் வட்டியும் உண்டு. சின்னக் கட்டடத்தில் இவை தாமாக வராது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: வீடுகளின் எண்ணிக்கை, யூடிஎஸ் சதுர அடியில், எந்தக் கார் இடம், மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்ற ஒரு வரி. எழுதத் தயங்குபவர் எதை மறைக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவருக்கும் வழி உண்டு. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை மனுக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு. "பார்த்துக்கலாம் சார்" என்ற வாட்ஸ்அப் பதில்களிலேயே அதில் பாதி போய்விடும். அவற்றை அழிக்காதீர்கள், தேதியோடு அவையும் சாட்சிதான்.