கருங்கோழி முட்டை என்று வாங்கினால்

மானிப்பாயில் வளவும் கோழிக்கூடும் உள்ளவர்களுக்கு இப்போது ஊர்க்கோழி மட்டும் போதவில்லை. கடக்நாத் எனப்படும் கருங்கோழியின் முட்டை கிடைத்தால் அடை வைக்கலாம் என்று தேடுகிறார்கள். விலை ஊர்க்கோழி முட்டையைவிடப் பல மடங்கு. கொடுத்த காசுக்கு உண்மையான இனம்தானா என்ற சந்தேகம் வருவது நியாயமே.

முட்டையைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. கடக்நாத் இடுவது இளம்பழுப்பு முட்டை. நம் ஊர்க்கோழிகள் பலவும் அதே நிறத்தில்தான் இடுகின்றன. கறுப்பு முட்டை இடும் கோழி உலகில் எங்கும் இல்லை. கறுப்பு முட்டைப் படத்தைக் காட்டி விற்பவரிடம் மேற்கொண்டு பேசவே தேவையில்லை.

இன்னொன்று, ஓட்டின் நிறம் தாயால் மட்டுமே வருவது. தகப்பன் எந்தச் சேவல் என்பது ஓட்டில் தெரியாது. சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு மூன்று கிழமை உயிரோடு தங்கும். நேற்றுவரை ஊர்ச்சேவலோடு திரிந்த கருங்கோழிப் பேட்டை இன்று தனியாக அடைத்தாலும், இந்தக் கிழமை இடும் முட்டைகள் கலப்பாக இருக்கலாம். விற்பவர் ஏமாற்றுக்காரராக இருக்கவேண்டியதில்லை. அவருக்கே தெரியாமல் இது நடக்கும். வேலி தாண்டும் சேவல்கள் நம் ஊரில் குறைவா என்ன!

21 நாளில் குஞ்சு பொரித்த பிறகாவது தெரியுமா? ஓரளவு தெரியும். கருங்கோழியின் தோல், சதை, எலும்பு ஆகியவற்றைக் கறுப்பாக்குவது 20 ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு மாற்றம். சீனாவின் சில்கிக் கோழியிலும் இருப்பது இதே மாற்றம்தான். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே இது வேலை செய்யும். ஆனால் இதை அடக்கும் வேறொரு மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. பேட்டுக் குஞ்சுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான், அதுவும் தகப்பனிடமிருந்து வருவது. சேவல் குஞ்சுக்கோ தாயிடமிருந்தும் ஒன்று வரும்.

இதன் விளைவை ஆங்கில மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் 1911 இல் எழுதினார்கள். சில்கிச் சேவலைச் சாதாரண லெகோர்ன் பேட்டோடு சேர்த்தபோது பேட்டுக் குஞ்சுகள் நன்றாகக் கறுத்தன, சேவல் குஞ்சுகள் வெளிறின. சில்கிப் பேட்டைச் சாதாரணச் சேவலோடு சேர்த்தபோது இரண்டுமே வெளிறின. ஆகவே உங்கள் குஞ்சுகளில் பேடுகள் கறுத்து, சேவல்கள் மங்கலாக வளர்ந்தால், தாய் கருங்கோழி அல்ல என்று சந்தேகிக்கலாம். எல்லாமே வெளிறினால் தகப்பனைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

எல்லாம் கறுத்துவிட்டால் சுத்த இனமா? அப்படியும் உறுதி சொல்ல முடியாது. ஈயநிறக் கால் கொண்ட ஊர்ப்பேடுகளில் பெரும்பாலும் அந்த அடக்கும் மரபணு இல்லை. அவற்றுக்குக் கருங்கோழிச் சேவலால் பிறப்பவை ஆணும் பெண்ணும் கறுக்கும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, அடுத்த தலைமுறையில் வெள்ளைத்தோல் குஞ்சு வந்தால்தான் குட்டு வெளிப்படும். காலில் ஐந்து விரல் இருந்தால் சில்கிக் கலப்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள், கடக்நாத்துக்கு நான்குதான். இரத்தமும் கறுப்பு என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம், அது சிவப்புத்தான்.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டக் கடக்நாத் இறைச்சிக்கு 2018 இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது இங்கே விற்கும் முட்டைக்குச் சான்றிதழ் ஆகாது. "இந்தியாவிலிருந்து நேரே வந்தது" என்று சொன்னால், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியைக் கேளுங்கள். அனுமதியில்லாமல் வந்த முட்டையோடு நோயும் வரலாம்.

முட்டைக்குக் காசு கொடுக்குமுன் தாய்க்கோழிகளையும் சேவலையும் நேரில் பாருங்கள். சேவலின் வாயைத் திறந்து நாக்கும் கறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். கூடு எத்தனை கிழமையாக அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். முதலில் சில முட்டைகள் மட்டும் வாங்குங்கள். தாய் தகப்பனைக் காட்ட மறுப்பவருக்கு ஊர்க்கோழி முட்டையின் விலைக்குமேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.