எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி? காப்பீட்டு அட்டை எதற்கு?



வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் நாம் முதலில் கேட்பது, "கையில எவ்வளவு இருக்கு?" என்பது. அடுத்து கேட்பது, "எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?" என்பது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் நோய் வந்த பிறகே பதில் தேடுகிறோம். அதனால்தான் அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் முடிய வேண்டிய காரியத்துக்குத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்க வேண்டிய உயிர், வழி தெரியாமல் அங்கும் இங்கும் அலைந்ததில் போய்விடுகிறது. நம் தமிழ்நாட்டில் எந்த நிலையத்தில் என்ன கிடைக்கும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், எங்கே தேவையே இல்லை என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

பக்கத்திலிருந்து தொடங்குவோம்

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் 20,000 பேருக்கும். துணை நிலையத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர்; ஊரார் வாயில் நர்சம்மா. கர்ப்பத்தைப் பதிவு செய்வது, இரும்புச்சத்து மாத்திரை தருவது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது, குடும்பநல ஆலோசனை சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் செல்போன் எண் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறார். காய்ச்சல், பேதி, சிறு காயம், இரத்தப் பரிசோதனை, நாய்க்கடி ஊசி, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை எல்லாம் இங்கேயே கிடைக்கும். நடந்து வர முடியாத முதியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் மாத்திரை வீட்டுக்கே வரும். "சும்மா குடுக்கிற மாத்திரை வேலை செய்யுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அரசு நிலையங்களுக்கு மருந்து வாங்கித் தருவது 1994இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே சர்க்கரை மாத்திரையைப் பத்து நாள் தின்றுவிட்டு நிறுத்துகிறவர்கள் மருந்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பிரசவம் எங்கே?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். இரவிலும் நர்சு பணியில் இருப்பார். ஆனால் எல்லாருக்கும் அந்த இடம் பொருந்தாது. முதல் பிரசவம் சிசேரியன், இரட்டைப் பிள்ளை, குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பது, இரத்தக் கொதிப்பு, கை கால் முகம் வீங்குவது, இரத்தச் சோகை மிகுந்து ஹீமோகுளோபின் 7 கிராமுக்கும் கீழே இறங்கியிருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிரசவம் 'சீமாங்' மையம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். சீமாங் மையம் என்பது பெண் டாக்டர், மயக்க டாக்டர், இரத்தம், அறுவை அரங்கு, சிசுவுக்குத் தனிப் பிரிவு ஆகியவை இரவு பகலாக இருக்கும் இடம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும், சில வட்ட ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் உள்ளது எது என்று ஏழாம் மாதத்திலேயே நர்சம்மாவிடம் கேட்டு வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? பிள்ளை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தாயின் உயிருக்கு ஆபத்து வரும். "நான் நாலு பெத்தேன், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்?" என்று மாமியார் சொல்லலாம். அவர் பெற்ற காலத்தில் அதே தெருவில் பிரசவத்தில் போனவர்களையும் அவரையே கேளுங்கள், சொல்வார். நர்சு ஒரு தாயை மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார் என்றால் தட்டிக் கழிக்கிறார் என்று எண்ணக் கூடாது. "நல்ல நாள் பார்த்துப் போறோம்" என்று தள்ளிப் போடவும் கூடாது.

பிரசவத்துக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. 2011 ஜூன் முதல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் சிசேரியன் உட்பட இலவசம். மருந்து, சோதனை, இரத்தம், தாய்க்குச் சாப்பாடு, வந்து போகும் வண்டி எல்லாம் அதில் அடங்கும். பிறந்த குழந்தைக்கு நோய் வந்தாலும் அப்படியே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வேண்டுமானால் கர்ப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும்.

அவசரம் என்றால்

108க்குப் போன் செய்தால் வண்டி வரும். 2008இலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. பாம்பு கடித்தால் கயிறு கட்டாமல், கீறிவிடாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. மந்திரிப்பவரிடம் போகும் நேரம் வீண். நெஞ்சு வலிக்கு வாயு என்று சோடா குடிக்கிறோம். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி முதல் வேளை மாத்திரைகள் துணை நிலையத்திலும் வைக்கப்பட்டன. அதைப் போட்டுக் கொண்டு உடனே மேலே போக வேண்டும். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் வசதி உள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியும். "விடியட்டும், போகலாம்" என்பது இங்கே உதவாது.

சாலை விபத்துக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் பணம் கேட்க மாட்டார்கள். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். அடிபட்டவர் வெளிமாநிலத்தவரானாலும், அட்டை இல்லாதவரானாலும் சரி.

இனி அட்டையைப் பற்றி

காப்பீடு என்பது ஊரார் கூடிப் போட்டு வைக்கும் பொதுப் பணம் போன்றது. சீட்டு அல்ல, கட்டிய பணம் திரும்பி வராது. நோய் வராதவர் பணம் நோய் வந்தவருக்குப் போகிறது. கட்ட வேண்டிய தொகைக்குப் பிரிமியம் என்று பெயர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தப் பிரிமியத்தை அரசே கட்டுகிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, காப்பீட்டுத் தொகை 5 லட்சம் ரூபாய் ஆயிற்று. இது ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு. ஆளுக்கு ஐந்து லட்சம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்ததை 2022 ஜனவரியில் 1,20,000 ஆக உயர்த்தினார்கள்.

வெளிநோயாளிச் சீட்டுக்கும் காய்ச்சல் ஊசிக்கும் இந்த அட்டை செல்லாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் செல்லும். இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக டயாலிசிஸ், மூட்டு மாற்று, காது கேளாத பிள்ளைக்குக் கருவி பொருத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நோய் முன்பே இருந்தது என்று தள்ள மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். நோயாளியைச் சேர்க்கும் அன்றே அவரிடம் அட்டையைக் கொடுங்கள். அவர் ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி வாங்குவார். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது அட்டையை எடுத்து நீட்டினால் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

"அரசு ஆஸ்பத்திரிதானே, இங்கே எதுக்கு அட்டை?" என்று சிலர் கோபிக்கிறார்கள். அங்கே அட்டையில் சிகிச்சை பெற்றால் அந்தத் தொகை காப்பீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. கருவியும் மருந்தும் வாங்க உதவுகிறது. உங்களுக்குச் செலவில்லை, ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவு.

அட்டை வாங்குவது கடினமல்ல. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆனால் நடப்பது என்ன? அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். மகன் வருமானச் சான்றுக்காக ஓடுகிறான். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை வரை செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். நல்லா இருக்கும்போது ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று போய் வாங்கி வைத்திருந்தால் இந்த ஓட்டம் இல்லை.

இன்னொரு முக்கியமான செய்தி. அட்டைக்குக் குடும்பம் யார் யார் என்பதைக் குடும்ப அட்டையை வைத்தே முடிவு செய்கிறார்கள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் மருமகள் பெயர் தாய்வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கிறது. பிறந்த பிள்ளையின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொல்லும் நாளில்தான் இது தெரிய வருகிறது. பெயரை நீக்கிச் சேர்க்கும் வேலையை இந்த மாதமே முடியுங்கள்.

மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்கு

பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்தால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கலாம். 2017இல் சம்பள வரம்பு 21,000 ரூபாய் ஆனது. 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 75 காசு, முதலாளி பங்கு 3 ரூபாய் 25 காசு என்று குறைத்தார்கள். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருந்தால் வீட்டார் அனைவருக்கும் வைத்தியம் உண்டு. தொழிலாளிக்கு நோய் விடுப்பில் சம்பளத்தின் 70 சதவீதமும், பெண் தொழிலாளிக்குப் பிரசவத்தில் 26 வார ஊதியமும் உண்டு. எத்தனை நாள் பங்கு கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இருப்பதால் பிடித்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பணத்தைப் பிடித்துக் கொண்டு கட்டாமல் விடும் இடங்களும் இருக்கின்றன.

தனியார் காப்பீடு வாங்குகிறவர்கள் 'காத்திருப்புக் காலம்' என்ற இடத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை பணம் தராமல் இருக்கலாம் என்று 2024இல் விதி வந்தது. சர்க்கரை இருப்பதை மறைத்து எழுதினால் பிறகு அதையே காரணம் காட்டுவார்கள்.

அட்டை எண், குடும்ப அட்டை நகல், ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், இரத்தப் பிரிவு எழுதிய தாள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டி வையுங்கள். அட்டை இருந்தும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி பணம் கேட்டால் 1800 425 3993க்குக் கட்டணமின்றிப் பேசலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று புரியாவிட்டால் 104.