29 நிமிடத்தில் நிற்கும் கேமராவும் 26 கிலோ அரிசி மூட்டையும்



சங்கப் பொதுக்குழு, வில்லியனூர் தேர்த் திருவிழா, பாகூர்ப் பக்கத்துக் கல்யாணம் என்று எதையும் இப்போது வீடியோ எடுத்து வைக்கிறோம். போட்டோ எடுக்கும் டிஜிட்டல் கேமராவிலேயே வீடியோவும் எடுக்க முடிவதால் நம்மில் சிலர் அதையே வாங்கி வைத்திருக்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்து 29 நிமிடம் 59 விநாடியில் அது தானாக நின்றுவிடும். உடனே ‘கேமரா பழுது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பல மாடல்களில் அது பழுதே அல்ல. கம்பெனியே உள்ளிருக்கும் மென்பொருளில் போட்ட பூட்டு.

ஏன் இந்தப் பூட்டு? நமக்கு இது புதிய சங்கதி அல்ல. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பெயர் அச்சிட்டு வரும் அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே ஆலைகளிலிருந்து 26 கிலோ மூட்டை வந்தது. கேமராக் கம்பெனிகள் செய்ததும் இதேதான். ஐரோப்பிய நாடுகளில் போட்டோ கேமராவுக்கு இறக்குமதி வரி இல்லை. வீடியோ கேமராவுக்கு இருந்தது. 800க்கு 600 புள்ளித் தரத்தில், விநாடிக்கு 23 படம் வீதம், தொடர்ந்து 30 நிமிடம் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா என்று அங்கே கணக்கு. ஒரு விநாடியைக் குறைத்தால் வரி மிச்சம்.

நம் நாட்டிலும் 2012 மார்ச்சில் இதே அளவுகோல் சுங்க வரிவிலக்கு அறிவிக்கையில் சேர்க்கப்பட்டது. அந்த விலக்கு பொருந்துமா என்று கேட்டு, கேனன் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்களுக்கு வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த நோட்டீஸ் அனுப்ப இயக்கக அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று 2021 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 7இல் சீராய்வு மனுவில், அதிகாரம் உண்டு என்று அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. பொருளை எந்த இனத்தில் சேர்ப்பது என்பது எத்தனை தூரம் இழுக்கும், பாருங்கள். நாமும் பில்லில் எச்.எஸ்.என். எண் போடும்போது, பழைய பில்லைப் பார்த்து எழுதாமல் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வரி மட்டும் காரணமல்ல. பழைய முறை மெமரி கார்டில் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போகாது. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 கேமரா, உயர்தரத்தில் சுமார் 12 நிமிடத்திலேயே அந்த எல்லையைத் தொட்டது. சில கேமராக்கள் கோப்பைத் துண்டாக்கி மேலே தொடரும். பிரதி எடுக்கும்போது எல்லாத் துண்டையும் எடுக்க வேண்டும். மூன்றாவது காரணம் சூடு. நம் பக்கத்து சித்திரை வெயிலில் வைத்தால் பாதியிலேயே அணைந்துவிடலாம்.

ஆகவே வாங்கும் முன், ‘தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடும்?’ என்று கேளுங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் இந்த 30 நிமிடப் பூட்டு இல்லை. இருக்கும் கேமரா என்றால், 25 நிமிடத்துக்கு ஒருமுறை நாமே நிறுத்தி மறுபடி அழுத்துவோம். கடைக் காவலுக்கு இந்தக் கேமரா உதவாது, அதற்கு சி.சி.டி.வி.யே சரி. அதிலும் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். களவு போன பிறகு கேட்டுப் பயனில்லை.