போன் திணறுகிறதா? புதுசு வாங்கும் முன் ‘சேஃப் மோடு’ போட்டுப் பாருங்கள்!

பட்டறையில் இருக்கும் வெங்காயத்தை இன்று எடுக்கலாமா என்று விலை பார்க்க ‘உழவன்’ செயலியைத் தொட்டால், திரை அப்படியே நிற்கிறது. மானிய விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. வந்தாலும், அதைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ‘போன் பழசாயிடுச்சு’ என்று கடைக்குக் கிளம்பும் முன், பைசா செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அதுதான் ‘சேஃப் மோடு’.

வீட்டில் கரன்ட் அடிக்கடி டிரிப் ஆனால், எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பீர்கள். எதைப் போட்டதும் டிரிப் ஆகிறதோ, கோளாறு அதில்தான். இதுவும் அப்படித்தான். சேஃப் மோடில் போனோடு வந்த செயலிகள் மட்டுமே ஓடும். நீங்கள் பிறகு ஏற்றியவை ஓடாது. போன் பேசலாம். போட்டோக்களும் எண்களும் அழியாது.

எப்படிப் போடுவது?

ஆண்ட்ராய்டு போனில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ‘பவர் ஆஃப்’ என்று வரும். அதன் மீது விரலை எடுக்காமல் வைத்திருந்தால், ‘சேஃப் மோடு’க்குப் போகலாமா என்று கேட்கும். ‘ஓகே’ கொடுங்கள். சில போன்களில், அணைத்துவிட்டு மறுபடி போடும்போது கம்பெனி பெயர் தெரிந்ததும் சத்தத்தைக் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையின் ஓரத்தில் ‘சேஃப் மோடு’ என்ற எழுத்து தெரியும்.

இப்போது போன் வேகமாக ஓடினால், ஏற்றிய செயலிகளில் ஏதோ ஒன்றுதான் காரணம். ரீஸ்டார்ட் செய்தால் போன் பழைய நிலைக்குத் திரும்பும். கடைசியாக ஏற்றியதில் தொடங்கி, ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அப்போதும் திணறினால், இடம் நிறைந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சேர்ந்த வீடியோக்களை அழியுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ‘ஃபேக்டரி ரீசெட்’ எல்லாவற்றையும் அழித்துவிடும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உஷார்!

‘பி.எம்.கிசான்’ பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்த பிறகு போன் திணறினால், அலட்சியம் வேண்டாம். இத்தகைய போலிச் செயலிகள் ஓ.டி.பி.யைப் படித்து, வங்கிப் பணத்தை எடுத்துவிடும். முதலில் நெட்டை அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ல் புகார் செய்யுங்கள். பிறகு சேஃப் மோடில் அந்தச் செயலியை நீக்குங்கள். நீக்க விடாவிட்டால், செட்டிங்ஸில் அதற்குள்ள ‘டிவைஸ் அட்மின்’ அனுமதியை எடுத்துவிட்டு நீக்கலாம்.

இனி எந்தச் செயலியையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே ஏற்றுங்கள். அங்கேயும் யார் வெளியிட்டது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.