முற்றத்துக்கு வரும் மணிப்புறா

பினாங்கு ஜார்ஜ் டவுனில், நம்மவர் பிட் தெரு என்றழைத்து வந்த சாலையிலுள்ள குவான் யின் கோயிலுக்கு முன்னால் கூட்டங்கூட்டமாகப் புறாக்கள் இரை பொறுக்குவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவை மாடப்புறாக்கள். நம் வீட்டு முற்றத்தை நாடி வருபவை வேறு இனம். பின்கழுத்தில் கறுப்புப் பட்டையும் அதில் வெள்ளைப் புள்ளிகளும் உடையது மணிப்புறா. மலாய்க்காரர் தெக்குக்குர் என்பர். மேனியில் மெல்லிய வரிகளுடன் சிறியதாக இருப்பது மெர்போக்.

இவ்விரண்டும் தரையில் நடந்தே இரை தேடும். புல்விதையே இவற்றின் முக்கிய உணவு. ஆகவே கொல்லையில் ஒரு மூலைப் புல்லையாவது களைக்கொல்லி தெளிக்காமல் விதை முற்ற விடுவோம். திறந்த, சுத்தமான தரையில் காலைதோறும் ஒரே நேரத்தில் ஒரு கைப்பிடி கம்பு, தினை அல்லது அரிசிக் குருணை தூவுவோம். பூசணம் பிடித்த தானியமும் உப்பு, எண்ணெய்ப் பண்டங்களும் வேண்டாம். அஞ்சினால் பறந்து அமர, அருகில் கொய்யாவோ முருங்கையோ இருந்தால் நல்லது.

கோழி நீரை அலகில் எடுத்துத் தலையை உயர்த்தி விழுங்கும். புறாவோ அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். அதற்கு ஓர் அங்குல நீருள்ள மண்தட்டு போதும். ஆனால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது அதுதானே? ஆதலால் நாள்தோறும் நீரை மாற்றி, முட்டை ஒட்டியிருக்கும் ஓரங்களையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தாய்மார்களே, இரக்கத்தால் அள்ளி இறைத்துவிடாதீர்கள். மிஞ்சிய தானியம் இரவில் எலியை அழைக்கும். எலியின் சிறுநீரோ நோயைப் பரப்பும். அடுத்தடுத்து வீடுகள் அமைந்த தோட்டப்புறத்தில் ஒரு முற்றத்து எலி எல்லார் வீட்டுக்கும் எலியல்லவா? மாலையில் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுங்கள். புறாக்கள் கூட்டமாகச் சேருமிடத்தில் எச்சம் குவிந்து உலர்ந்தால், அதில் வளரும் பூஞ்சை தூசியோடு மூச்சில் கலந்து, உடல் தளர்ந்தவர்களின் நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். நீர் தெளித்து நனைத்த பிறகே கூட்டி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இப்புறாக்கள் சில குச்சிகளை அடுக்கி, பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் ஊறும் பாலையே குஞ்சுக்கு முதலில் ஊட்டும். இவற்றைப் பிடித்துக் கூண்டில் அடைத்தால் கூட்டிலுள்ள குஞ்சுகள் பட்டினியால் மடியும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். புறா தானே வரட்டும், தானே பறக்கட்டும்.