நாட்டிய பின் அல்ல, நாட்டும் முன்பே பேசுவோம்

எமது பாடசாலைக்கு முன்னால் பிரதான வீதி வளைந்து செல்கிறது. அந்த வளைவில் அண்மையில் பெரிய விளம்பரப் பலகையொன்று நாட்டப்பட்டது. பாடசாலை விட்டதும் பிள்ளைகளை வீதி கடக்க வைப்பது ஆசிரியர்களான எமது பொறுப்பு. முன்பு தூரத்திலேயே தெரிந்த பஸ், இப்போது பலகையைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படுகிறது.

"ஒரு பலகையால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வகுப்பறைக் கணக்கைச் சொல்வதுண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி இரண்டு செக்கன்கள் பலகையைப் பார்த்தால், 33 மீற்றர் தூரம் அவர் வீதியைப் பார்க்கவில்லை.

இந்தப் பிரச்சினையை அமெரிக்கா முன்பே சந்தித்தது. 1965 இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் நெடுஞ்சாலை அழகுபடுத்தல் சட்டத்தில் கையொப்பமிட்டார். மத்திய அரசின் நிதியுதவி பெறும் பிரதான நெடுஞ்சாலைகளின் எல்லையிலிருந்து 660 அடிக்குள் விளம்பரப் பலகைகள் கட்டுப்படுத்தப்பட்டன. கட்டுப்படுத்தத் தவறும் மாநிலம் நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதத்தை இழக்கும்.

ஆனால் வர்த்தக, கைத்தொழில் வலயங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஏற்கனவே நின்ற பலகைகளை அகற்றுவதற்கு உரிமையாளருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பணம் போதவில்லை. அகற்றியிருக்க வேண்டிய பலகைகள் பல பதிற்றாண்டுகள் அப்படியே நின்றன.

எனக்கு இதில் தெரியும் பாடம் இதுதான்: புதிய பலகையைத் தடுக்க ஒரு தீர்மானம் போதும், நின்றுவிட்ட பலகையை அகற்றப் பணமும் வழக்கும் வேண்டும்.

வியாபாரிகளின் கவலையும் நியாயமானதே. வெர்மான்ட் மாநிலம் 1968 இல் சட்டமியற்றி வீதியோர விளம்பரப் பலகைகளை முற்றாகத் தடை செய்தது. அதற்குப் பதிலாக, கடைக்கும் விடுதிக்கும் வழிகாட்டும் சிறிய, ஒரே அளவிலான அடையாளப் பலகைகளை அரசே அனுமதித்தது. கடை வாசலில் அதன் சொந்தப் பெயர்ப்பலகை வைக்கத் தடையில்லை.

எமது உள்ளூராட்சி மன்றங்களுக்கு விளம்பரக் கட்டணம் ஒரு வருமானம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லவில்லை. வளைவுகள், சந்திகள், பாடசாலை முன்றல்கள் ஆகிய இடங்களில் புதிய அனுமதி வேண்டாம். இருப்பவற்றின் அனுமதிக் காலம் முடிந்தால் புதுப்பிக்கவும் வேண்டாம்.

எங்கள் வளைவில் இரண்டாவது பலகைக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். கொங்கிறீட் போடுவதற்கு முன்னர் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றாகக் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் அப்படியொரு வளைவு இருக்கலாம். ஒருமுறை போய்ப் பாருங்கள்.