சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளில் ஒற்றையடிப் பாதை

தெற்கு இங்கிலாந்தில் நிலம் பிரபுவுக்குச் சொந்தமாக இருக்கலாம், பண்ணைக்காரருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதன் குறுக்கே நடக்கும் பாத்தியதை ஊருக்கு. அந்தப் பாத்தியதைக்கும் இப்போது கணக்குத் தீர்க்கும் காலம்.

இடுப்பளவு வளர்ந்து நிற்கும் கோதுமை வயல். வேலியோரம் இரண்டு பலகைகளை வைத்து அடித்த மரப்படி. அதன் கம்பத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டும் திசையில், வயலின் நட்டநடுவே, ஒரு மீட்டர் அகலத்துக்குப் பயிரே இல்லாமல் ஒரு கோடு எதிர் வேலி வரை ஓடுகிறது. முதுகில் பை, கையில் வரைபடம் சகிதம் வருபவர்கள் படியேறி இறங்கி, யாரையும் கேட்காமல் அந்தக் கோட்டில் நடந்து போகிறார்கள். வயலின் சொந்தக்காரர் டிராக்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தடுக்க முடியாது.

பாதையை உழுதுவிட்டால், பொதுவாக 14 நாட்களுக்குள் அதை மறுபடி போட்டுத் தர வேண்டியது அவர் பொறுப்பு. பொதுப்பாதை போகும் மேய்ச்சல் வயலில் பால்மாட்டு ஜாதிக் காளையை அவிழ்த்துவிடக் கூடாது என்றுகூட 1981-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. இறைச்சிக்காக வளர்க்கும் ஜாதி என்றால் பசுக்களோடு சேர்ந்து நிற்கலாம். காளையின் குலம் கோத்திரத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவான பாதைகள் 2,25,000 கி.மீ.க்குக் குறையாது. நடப்பதற்கு மிகவும் பெயர்பெற்றவற்றில் பல, தெற்கே வரிசை வரிசையாகப் புரண்டு கிடக்கும் வெள்ளைக் குன்றுகளின் மேல் போகின்றன. அந்தக் குன்றுகள் முழுக்க சாக். தமிழில் அதற்கு 'சீமைச்சுண்ணாம்பு' என்று பெயர் வைத்தவர் சீமைக்குப் போனாரோ இல்லையோ, பெயர் பொருத்தம்தான். டைனோசர்கள் திரிந்த காலத்தில் கடலாக இருந்த இடம் அது. கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களின் ஓடுகள் கடலடியில் படிந்து படிந்து நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குச் சேர்ந்து, பிறகு நிலம் மேலெழும்பியபோது குன்றுகளாயின. உயரமும் அதிகமில்லை. 300 மீட்டரை எட்டுவதே பெரிய விஷயம். ஊட்டியையோ சிம்லாவையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். கூர்மையான சிகரமோ பாறை முகடோ கிடையாது. ஆடு மேய்ந்து மேய்ந்து கம்பளம் போலாகிவிட்ட புல்தரை, வெயில் பட்டால் கண் கூசும் வெள்ளைப் பாதை, அடிவாரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், அவ்வளவுதான். மழை பெய்தால் அதே வெள்ளைப் பாதை சோப்புப் போட்டது போல வழுக்கும். செருப்போடு போவது உசிதமல்ல.

இந்தக் குன்றுகளை ஆங்கிலத்தில் 'டவுன்ஸ்' என்கிறார்கள். மேலே ஏறுவதற்கு ஏன் 'கீழே' என்று பெயர் என்று குழம்ப வேண்டியதில்லை. குன்றைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது.

இங்கே ஊர்கள் அமைந்திருப்பதற்கும் இந்த வெள்ளைக் கல்லே காரணம். மழைநீர் சாக் குன்றின் மேல் நிற்காது. உள்ளே இறங்கி, அடிவாரத்தில்தான் ஊற்றாக வெளிப்படும். எனவே கிராமங்கள் அடிவாரத்தில் மணி கோத்தது போல வரிசையாக இருக்கின்றன. மேட்டில் ஆடும் மந்தைப் பாதையும். சாக்கினுள்ளே கிடைக்கும் கருநிற சிக்கிமுக்கிக் கற்களை உடைத்து அடுக்கிய சுவர்கள், கோரைக் கூரைகள். அந்தக் கூரைகளுக்குக் கீழே ஒரு காலத்தில் ஆடு மேய்த்தவர்கள் வசித்தார்கள். இன்று அவற்றில் பலவற்றை லண்டனில் சம்பாதிப்பவர்களால்தான் வாங்க முடியும். சஸெக்ஸில் உள்ள ஆல்ஃப்ரிஸ்டன் என்ற கிராமத்தின் பழைய பாதிரியார் வீட்டை, இடியும் நிலையில் இருந்தபோது, நேஷனல் டிரஸ்ட் 1896-ல் வெறும் 10 பவுனுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டிடம் அது.

லண்டனிலிருந்து ரயிலேறி டிரிங் ஸ்டேஷனில் இறங்கினால் 'ரிட்ஜ்வே' பக்கத்திலேயே இருக்கிறது. ஏவ்பரி கல்வட்டத்தின் அருகில் புறப்பட்டு ஐவிங்ஹோ குன்றில் முடியும் 139 கி.மீ. பாதை. குறைந்தது 5,000 ஆண்டுகளாக மனிதக் கால் படும் வழி என்கிறார்கள். 1973-ல் அதை தேசிய நெடும்பாதையாக அறிவித்து, ஏகோர்ன் கொட்டையின் படத்தைக் கம்பத்துக்குக் கம்பம் பொறித்துவைத்தார்கள். வழியில் அஃபிங்டனில், குன்றின் சரிவில் புல்லைச் செதுக்கி வெண்சாக்கை நிரப்பி வரைந்த சுமார் 110 மீட்டர் நீளக் குதிரை ஒன்று பாய்கிறது. வயது ஏறக்குறைய 3,000 ஆண்டுகள். சில வருடங்கள் சும்மா விட்டால் புல் மூடிவிடும். அதனால் அக்கம்பக்கத்தார் தலைமுறை தலைமுறையாக வந்து புல்லைக் களைந்து புதுச் சாக்கை இடித்து நிரப்புகிறார்கள். இன்றும் தொண்டர்கள் சுத்தியலும் வாளியுமாக முழங்காலிட்டு அதைச் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று குதிரையைப் புல்லால் மூடி வைத்திருந்தார்கள்.

அதே டிரிங் ஸ்டேஷனில் 1866 மார்ச் 6-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு வேறொரு கூட்டம் இறங்கியது. பக்கத்தில் உள்ள பெர்க்கம்ஸ்டெட் பொதுமேய்ச்சல் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிரௌன்லோ பிரபுவின் தரப்பு இரும்பு வேலி போட்டு வளைத்திருந்தது. ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்களே தவிர எதிர்க்கத் துணியவில்லை. அகஸ்டஸ் ஸ்மித் என்பவர் துணிந்தார். அவரும் பெரிய நிலச்சுவான்தார்தான். முந்தைய ஆண்டு தொடங்கியிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆலோசனையோடு லண்டனிலிருந்து சுமார் 120 கூலியாட்களைத் தனி ரயிலில் வரவழைத்தார். அவர்கள் இருட்டில் நடந்து போய் வேலியைக் கழற்றி, உடைத்துச் சேதப்படுத்தாமல், ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டுப் பொழுது விடியும்போது வேலையை முடித்திருந்தார்கள். காலையில் ஊரே திரண்டு வந்தது. நிலம் தங்களுடையதுதான் என்பதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு முட்செடிக் கிளையை ஒடித்துக்கொண்டு போனார்களாம். வழக்கு 1870-ல் ஸ்மித்துக்குச் சாதகமாக முடிந்தது. சங்கத்தின் வழக்கறிஞராகப் பேர்பெற்ற ராபர்ட் ஹன்டர்தான் பின்னாளில் நேஷனல் டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஒருவர்.

ஆங்கிலேயர்கள் இதையெல்லாம் தங்கள் நாட்டின் இயல்பான நாகரிகம் போலப் பேசுவார்கள். உண்மையில் சண்டை போட்டு வாங்கியது. இங்கிலாந்தின் பொதுநிலங்களில் பெரும்பகுதியை நாடாளுமன்றச் சட்டங்களின் மூலமாகவே நிலவுடைமையாளர்கள் வளைத்துக்கொண்ட பிறகு, மிச்சத்துக்காக நடந்த சண்டை அது.

ரிட்ஜ்வேயை விட்டுச் சில கி.மீ. விலகி நடந்தால் ஸ்டோக் ரோ என்ற சின்ன ஊர். அங்கே திடுக்கிட வைக்கும் காட்சி ஒன்று உண்டு. பச்சைப் புல்வெளியில் வெங்காயக் குமிழ் போன்ற கோபுரம், அதன் கீழே தங்க நிறத்தில் ஒரு யானை. அது கிணறு. ஆழம் 368 அடி. குதுப்மினாரைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் இன்னும் பாதி மினாருக்கு இடம் மிஞ்சும். வெட்டிக் கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். வட இந்தியாவில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் இந்தப் பக்கத்துக்காரர். 1831-ல் ஆஜம்கர் அருகே ஊர்மக்களுக்குக் கிணறு வெட்ட உதவியவர். மேட்டு சாக் நிலத்தில் இருக்கும் தன் சொந்த ஊர்ப்பக்கத்தின் தண்ணீர்க் கஷ்டத்தை அவர் மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடி வாங்கிய சிறுவனின் கதையும் அதில் உண்டு என்பார்கள். மகாராஜா மறக்கவில்லை. கையாலேயே தோண்டிய கிணறு 1864 மே 24-ல், விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று திறக்கப்பட்டது. ஒரு வாளி மேலே வர 10 நிமிடம் போலக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தண்ணீருக்குக் காசு கிடையாது. ஆளப்பட்டவன் ஆண்டவனுக்குத் தர்மம் செய்த கணக்கில் இந்தக் கிணறும் சேரும். நூற்றாண்டு விழாவுக்கு 1964-ல் இளவரசர் பிலிப் வந்தார்.

ஆனால் நடப்பவர்களின் இப்போதைய கவலை கிணறுமல்ல, குதிரையுமல்ல. காகிதம்.

ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல் பொதுமக்கள் பயன்படுத்தினால் அது பொதுப்பாதைதான் என்று உரிமை கோரலாம் என்கிறது இங்கிலாந்துச் சட்டம். (இந்த 20 ஆண்டுக் கணக்கு நமக்கும் பழக்கமானது. அவர்கள் எழுதிய 1882-ம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டத்திலும் இருக்கிறது. தொடக்கத்தில் அது அமலான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அங்கே அது பெரும்பாலும் அடுத்தடுத்த நிலக்காரர்களுக்கு இடையிலான வரப்புத் தகராறாக நின்றுவிட்டது.) 1949-ல் வந்த சட்டம், எல்லாப் பாதைகளையும் வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. வரைபடத்தில் இருந்தால் பாதை இருக்கிறது, விவாதம் கிடையாது. பட்டியல் தயாரிக்கும் வேலை ஊராட்சிகளின் தலையில் விழுந்தது. சில ஊர்களில் ஊக்கமாகச் செய்தார்கள். சில ஊர்களில் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்களே பண்ணைக்காரர்கள். விளைவு, ஓர் ஊரில் குதிரை போகும் பாதையாக இருப்பது எல்லைக்கு அப்பால் வெறும் நடைபாதையாக மாறுகிறது. இன்னோர் இடத்தில் வேலியோடு முடிந்தேவிடுகிறது. மேலே வந்த குதிரை பறக்க வேண்டும் போலிருக்கிறது.

2000-ல் வந்த சட்டம் ஒரு கையால் கொடுத்தது. மலை, தரிசு, பொதுநிலம் ஆகியவற்றோடு இந்த 'டவுன்ஸ்' புல்வெளிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே பாதையை விட்டு விலகியும் திரியலாம் என்றது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உழவும் உரமும் போனது போக, பழைய சாக் புல்வெளிகள் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. இப்படித் திரியும் உரிமையுள்ள நிலம் இங்கிலாந்தில் சுமார் 8 சதவீதம் மட்டுமே. அதே சட்டம் இன்னொரு கையால் கெடு வைத்தது. 1949-க்கு முந்தைய பாதைகளில் 2026 ஜனவரி 1-க்குள் வரைபடத்தில் ஏறாதவற்றின் மீதான பாத்தியதை ஒழிந்துபோகும்.

நடப்போர் சங்கமான 'ராம்ப்ளர்ஸ்' 2020-ல் ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு நூறாண்டுப் பழைய வரைபடங்களை இன்றையதோடு சதுரம் சதுரமாக ஒப்பிட வைத்தது. வீட்டுக்குள் கணினி முன்னால் உட்கார்ந்து நடந்த நடை அது. விடுபட்டுப்போனவை என்று அவர்கள் கண்டெடுத்தது 49,000 மைல், அதாவது சுமார் 79,000 கி.மீ. இதில் எத்தனை உண்மையிலேயே பொதுப்பாதைகள் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். வரிக் கணக்கு, ரயில்வேயின் பழைய திட்டப்படங்கள், நில வளைப்பு ஆணைகள் என்று ஆவணக் காப்பகங்களில் தேட வேண்டும். மனு கொடுத்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கெடுவை நீக்குவதாக 2022-ல் சொன்னார்கள். 2023-ல் அதை மாற்றிக்கொண்டு 2031 வரை நீட்டினார்கள். ஆட்சி மாறியது. கெடுவே ரத்தாகும் என்று 2024 டிசம்பரில் புதிய அரசு அறிவித்தது. நடப்பவர்கள் மகிழ்ந்தார்கள், மனு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. பாதை எங்கே போகிறதென்று திட்டவட்டமாகத் தெரியாமல் விவசாயம் செய்வது எப்படி என்ற நிலக்காரர்களின் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த நிச்சயமின்மையில் ஒரு பங்கு, அவர்களின் தாத்தாக்கள் பட்டியல் எழுதிய லட்சணம்.

வரைபடத்தில் ஒரு பாதை இருப்பதால் என்ன கிடைக்கிறது என்பதற்குத் தெற்குக் கடற்கரையோரம் ஓர் உதாரணம் உண்டு. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. போகும் சவுத் டவுன்ஸ் பாதைக்குச் சற்றுத் தள்ளி, பிரைட்டன் நகரத்துக்கு வடக்கே, குன்றின் சரிவில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் தனியாக நிற்கிறது. எட்டுத் தூண்கள், மேலே குவிமாடம். பெயர் 'சத்ரி'.

முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை பிரைட்டனுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மொகலாய பாணியில் கட்டப்பட்ட ராயல் பெவிலியன் அரண்மனையே ஆஸ்பத்திரியானது. சாதி, மத ஆசாரம் கெடாமல் இருக்க ஒன்பது சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். பேரரசுக்கு அவர்களுடைய விசுவாசம் தேவைப்பட்ட நேரம் அது. இறந்தவர்களில் முஸ்லிம்களை வோக்கிங் மசூதி அருகே அடக்கம் செய்தார்கள். இந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேரை இந்தக் குன்றின் மேல் திறந்தவெளியில் சிதை மூட்டி எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த இடத்தில் எழுந்த மண்டபத்தை வடிவமைத்தவர் இ.சி.ஹென்ரிக்ஸ் என்ற இளம் இந்தியக் கட்டிடக் கலைஞர். 1921 பிப்ரவரி 1-ம் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அடுத்த உலகப் போரில் இந்தக் குன்றுகளைப் படைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டபோது மண்டபத்தின் மேலும் குண்டுகள் பாய்ந்தன. பிறகு செப்பனிட்டார்கள்.

சத்ரிக்கு மோட்டார் சாலை கிடையாது. பேச்சம் என்ற பழைய கிராமத்தின் பக்கமிருந்து, ஆடு மேயும் வயல்களின் ஊடே, நீல அம்புக்குறி போட்ட குதிரைப் பாதையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக நடக்க வேண்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் நடக்கும் அஞ்சலிக்கு வரும் தலைப்பாகைக்காரர்கள், முன்னாள் ராணுவத்தினர், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வழியாகத்தான் மேலேறுகிறார்கள். 2010-ல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மண்டபத்துக்கு அருகில் ஒரு கற்சுவர் எழுப்பி, அதுவரை அங்கே எழுதப்படாமல் இருந்த 53 பெயர்களையும் பொறித்தது.